மிதவை விடு தூது

தூது என்னும் சிற்றிலக்கியத்தைப் பயிலாத தமிழ் மாணாக்கர் இலர். அன்னம், மயில், கிளி, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனத் தூதுக்குரியவற்றைப் பத்தாக வகுத்தனர் நம் முன்னோர். இப்பத்தும் தம்முள் வேறுபட்டனவாயினும், தூது விடுப்போர் அவற்றினிடம் வேண்டுவது ஒன்றே. என் நிலையைச் சென்று உரை. உரைத்தபின் வாளா இராது, தலைவன் மார்பின் மாலையை வாங்கிக்கொண்டு மீள்க என்பதே அது. மாலை கொணராத தூது பாதித் தூதேயாம். இம்மரபினைச் சிறப்புத் தமிழ் முதலாண்டு வகுப்பில் ஆசிரியர் விளக்கியபொழுது, யான் அதனைத் தேர்வுக்குரிய குறிப்பாக மட்டுமே எழுதிக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கூரைமேல் கிடந்த ஒரு பொருளுக்கும் அக்குறிப்புக்கும் தொடர்பு உண்டென்பதை அன்று அறிந்தேனல்லேன்.

யான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், தூத்தூரை அடுத்ததொரு மீனவர் சிற்றூர். நெய்தல் நிலத்துக்கு இரங்கல் உரிப்பொருள் என்று இலக்கணம் கூறும். எங்களூர்ப் பெண்டிர் அதனை இலக்கணம் பயிலாமலே அறிவர். எம்மவருட் பலர் காலையிற் சென்று மாலையில் மீள்பவர் அல்லர். விசைப்படகில் ஏறினால் பல நாள், சிலபோது ஒரு திங்களுக்கும் மேலாக, அரபிக் கடலின் ஆழ்பகுதியில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பர். கரை மறைந்த சிறிது நேரத்திற்குள் கைப்பேசி ஊமையாகும். படகுக்குப் படகு பேசும் வி.எச்.எப். கருவியும் சில பத்துக் கடல் மைலுக்கு அப்பால் எட்டாது. அதற்கும் அப்பால், வீட்டுக்கும் படகுக்கும் இடையே தூது செல்வது செபம் ஒன்றே.

2016-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு நாள், கடலினின்று மீண்ட என் பெரியப்பா, மீனோடு கண்ணாடி முகம் கொண்ட கரிய பலகையொன்றையும் கொணர்ந்தார். அதன் அலுமினியச் சட்டத்தின் ஓரங்களில் மஞ்சள் வண்ணம் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. பின்புறத்தே வெட்டுண்ட கம்பிகள் இரண்டு தொங்கின. "இது எங்கே கிடைத்தது?" என்று வினவினேன். "கடலிற் கிடப்பது கண்டவனுக்குச் சொந்தம், மக்களே" என்று என் தோளைத் தட்டினார். எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே முற்றத்தன. அவர் மகன், எனக்கு அண்ணன், அந்தச் சோலார்ப் பலகையை எங்கள் கூரைமேல் ஏற்றி, கம்பிகளை முறுக்கிப் பழைய மின்கலம் ஒன்றோடு பிணைத்து, யான் படிக்கும் மூலையில் ஒரு விளக்கை அமைத்துத் தந்தார். மின்சாரம் அடிக்கடி நிற்கும் எங்களூரில், அவ்வொளியிலேதான் யான் எழுத்தையும் எண்ணையும் பயின்றேன். பிற்காலத்தே தமிழ் பயில வேண்டும் என்னும் ஆசை முளைத்ததும் அவ்விளக்கின் அடியிலேயே.

மறு ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் எங்கள் கடலைக் கலக்கியது. அஃது எங்கோ தொலைவில் உருவாகிப் பல நாள் நடந்து வந்த புயலன்று. குமரிமுனைக்கு அண்மையிலேயே விரைந்து வலுப்பெற்றது. கரையில் எச்சரிக்கை ஒலித்தபொழுது, பல நாட்களுக்கு முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தவர்க்கு அதனை எட்டுவிக்கும் வழியொன்றும் இல்லை. தமிழகத்தும் கேரளத்துமாக நூற்றுக்கணக்கானோர் மீளவில்லை. பிறரொருவரின் படகில் தொழிலுக்குச் சென்றிருந்த என் அண்ணனும் மீளவில்லை. அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருநாளில் எங்கள் தெருவில் விண்மீன் விளக்கு ஏற்றுவார் எவரும் இலர். அண்ணன் அமைத்த விளக்கு மட்டும் எரிந்தது.

இனித் தாம்பரத்துக்கு வருவேன். கிழக்குத் தாம்பரத்தினின்று வேளச்சேரி செல்லும் பேருந்து சேலையூரையும் மேடவாக்கத்தையும் கடந்து பள்ளிக்கரணையை அடையும். ஆங்கே நாரையும் கூழைக்கடாவும் இரை தேரும் சதுப்பு நிலம் உளது. நாரையைக் காணுந்தோறும் எனக்குச் சத்திமுத்தப் புலவர் நினைவு வரும். வறுமையுற்று வாடையில் நடுங்கிய அவர், தம் மனைவிக்குத் தூது விடுத்தது நாரையை அன்றோ! ஒருநாள் இதனை என் விடுதித் தோழர் ஒருவரிடம் கூறிக்கொண்டு அவ்வழியே சென்றேன். அவர் பௌதிக நூல் பயில்பவர். சாலையோரத்து வாயிலொன்றைச் சுட்டி, "உம் நாரை மீண்டு வந்து விடை சொல்லிற்றோ இல்லையோ, யான் அறியேன். ஆனால் இவ்விடத்தே கடல் நாள்தோறும் தூது விடுக்கிறது" என்றார். அஃது 1993-இல் நிறுவப்பெற்ற தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வாயில்.

அன்றிரவு விடுதித் தாழ்வாரத்தில், தாளும் எழுதுகோலும் கொண்டு அவர் எனக்கு விளக்கியதைச் சுருங்கக் கூறுகின்றேன். 1996-இல் அக்கழகத்தில் தேசியத் தரவு மிதவைத் திட்டம் தோன்றியது. அதுமுதல், வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் மஞ்சள் நிற மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தி வருகின்றனர். ஆளில்லாத அம்மிதவைகள் காற்றின் விசையையும் திசையையும், காற்றழுத்தத்தையும், வெப்பத்தையும், அலையையும், நீரோட்டத்தையும் அளக்கும். அவற்றுட் சில, கடலின்கீழ் 500 மீட்டர் ஆழம் வரையில் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அறியும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுமத்ராவையடுத்துக் கடலடி நிலம் அதிர்ந்தபின், ஆழிப்பேரலை சென்னைக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்விடைவேளையில் நம் கரைக்கு ஒரு சொல்லும் வந்திலது. அதன் பின்னர், கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும் அமைக்கப்பெற்றன; 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையமும் தோன்றியது. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து, மேலே நீர் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்ததையும் அக்கருவி உணரவல்லது என்பர்.

உணர்ந்ததை உரைப்பது எங்ஙனம்? வானொலி அலை உப்பு நீரை ஊடுருவிச் செல்லாது. ஆதலின் கடலடிக் கருவி, மேலே மிதக்கும் துணைவனுக்கு ஒலியினாற் செய்தி அனுப்பும். அதனை ஏற்ற மிதவை, வானிலுள்ள செயற்கைக்கோளுக்கு வானொலி அலையால் விடுக்கும். இரண்டிடத்தும் இத்தொழிலைச் செய்வது மோடம் என்னும் சிறு பெட்டி. செய்தியை அலையின்மேல் ஏற்றுதல், ஏறிய செய்தியை இறக்குதல் ஆகிய இரு தொழிலின் பெயரையும் சுருக்கி ஆக்கிய சொல் அது. இரு முனையிலுமுள்ள மோடங்களுக்கு அலையின் அதிர்வெண், அனுப்பும் வேகம், குறிமுறை ஆகியன ஒத்திருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைப்பினும், ஒருவர் தமிழும் மற்றவர் சீனமும் பேசினாற்போல் முடியும். பலர் ஒருங்கே பேசினால் ஒருவர் சொல்லும் விளங்காதாதலின், பல பிணையங்களில் ஒவ்வொருவர்க்கும் நொடியின் சிறு கூறொன்றை வரையறுத்துத் தருவர். தன் முறை வருமளவும் பொறுத்திருத்தல் மோடத்துக்கும் ஒழுக்கம்.

மலைமேலுள்ள வங்கிக் கிளையோ தீவிலுள்ள மருத்துவமனையோ ஆயின், அசையாத தட்டொன்றைக் கோளின் திசையிற் குறிபார்த்து நிறுத்தலாம். அலையில் உருளும் மிதவைக்கு அஃது இயலாது. எப்பக்கமும் பரவும் சிறிய ஆன்டெனாவும், வெயிலால் நிறையும் மின்கலமுமே அதற்குத் துணை. ஆதலின் அது மெல்லப் பேசும், சிலவே பேசும். மிதவைகளிற் பயன்பட்டு வந்த இன்மார்சாட் சி என்னும் முறையின் வேகம் நொடிக்கு 600 பிட் மட்டுமே. அதில் உரையாடல் நிகழாது. அஞ்சலட்டை போற் குறுஞ்செய்தியே செல்லும். கோள் நிற்கும் உயரமோ 35,786 கிலோமீட்டர். அவ்வுயரத்தில் நிறுத்திய கோள் நிலவுலகோடு ஒத்துச் சுழன்று ஓரிடத்தே நிற்பது போலத் தோன்றும். அதனைச் செய்தி அஞ்சலுக்குப் பயன்படுத்தலாம் என 1945-இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956 முதல் நம் அண்டை நாடாகிய இலங்கையில் வாழ்ந்தவர். அவ்வளவு தொலைவும் ஏறி இறங்க அலைக்கு ஆகும் காலம் கால் நொடி.

"இப்பிணையங்களின் அமைப்பு இருவகை" என்று கூறி, என் தோழர் தாளில் இரண்டு படம் வரைந்தார். ஒன்று விண்மீன் வடிவம். நடுவே கரையிலுள்ள தலைமை நிலையம்; அதனின்று கதிர்கள் போலத் தொலைவிடங்களுக்குக் கோடுகள். தொலைவிடம் ஒவ்வொன்றும் நடுநிலையத்தோடு மட்டுமே பேசும். நடுவிலுள்ள ஆன்டெனா பெரிதாதலின் ஏனையவை சிறியனவாகவும் செலவு குறைந்தனவாகவும் அமையலாம். இரு தொலைவிடங்கள் தம்முட் பேச வேண்டின், செய்தி நடுநிலையத்துக்கு ஒருமுறையும், அங்கிருந்து மற்றதற்கு ஒருமுறையுமாக விண்ணை இருமுறை தொட்டு மீளும். அதற்கு அரை நொடி செல்லும். மற்றொன்று வலை வடிவம். அதில் எவரும் எவரோடும் நேரே பேசலாம். ஆயினும் ஒவ்வோரிடத்தும் பெரிய ஆன்டெனாவும் மிக்க ஆற்றலும் வேண்டும். மிதவைகளின் அமைப்பு விண்மீன் வடிவத்தது. அவை கூறும் செய்தி கோளுக்கு ஏறி, நிலத்து நிலையம் ஒன்றில் இறங்கி, பள்ளிக்கரணையை அடைந்து, வானிலை கணிப்போர்க்கும் கடல்நிலை கணிப்போர்க்கும் செல்லும்.

பின்னர் அவர் மிதவையொன்றின் நிழற்படத்தைக் காட்டினார். மஞ்சள் நிறத் தட்டு. அதன் நடுவே கம்பம். கம்பத்தைச் சுற்றிக் கரிய பலகைகள்.

யான் அதன்பின் அவர் உரைத்த எதனையும் கேட்டிலேன். அச்சட்டத்தையும், ஓரத்து மஞ்சள் வண்ணத்தையும் பன்னாள் கண்டவன் யான். "இவற்றிற்கு இடையூறு யாது?" என்று மட்டும் வினவினேன். "புயலன்று, மனிதரே" என்றார் அவர். மிதக்கும் பொருளின் நிழலில் மீன் கூடும்; மீன் கூடுமிடத்துக்குப் படகு வரும்; படகைக் கட்டி இழுக்க, நங்கூரக் கயிறு அறும். சிலர் பலகையையும் மின்கலத்தையும் கழற்றிச் செல்வர். உலகின் பல கடல்களிலும் இக்கேடு உண்டு என்றும், மீனவர் சிற்றூர்களுக்குச் சென்று இதனை எடுத்துரைப்பதும் அக்கழகத்தார் பணிகளுள் ஒன்று என்றும் அவர் கூறினார். அவர் என்னைக் குறித்துக் கூறினாரல்லர். ஆயினும் என் முகம் வெந்தது. கடலின் தூதன் ஒருவன் கண்ணைப் பிடுங்கி, அவ்வொளியில் யான் தூதிலக்கியம் பயின்றேன்!

கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு ஊர் செல்லும் இரயிலில் இரவு முழுதும் ஒரே வினா என்னை வாட்டியது. இதனைப் பெரியப்பாவிடம் கூறுவதா, மறைப்பதா? மகனை இழந்தவரிடம், புயலை அறிவிக்கும் பொருளையன்றோ நீர் சிதைத்தீர் என்பது கொடுமை. கூறாது விடின், மற்றொரு நாள் மற்றொரு மிதவை. முடிவில், மாலை வேளையில் அவர் வலை பொத்திக்கொண்டிருந்தபொழுது, அருகே அமர்ந்து எல்லாவற்றையும் கூறினேன்.

அவர் நெடுநேரம் பேசிலர். பின்பு, "அதன் பக்கத்தே எத்தனையோ இரவு கிடந்திருக்கிறோம், மக்களே. கயிற்றைக் கட்டிக்கொண்டு அங்கேயே உறங்குவோம். ஒரு நாளாவது அது எங்களிடம் ஒரு சொல் சொன்னதுண்டா? ஊமைப் பொருள் என்றல்லவா எண்ணினோம்!" என்றார். மீண்டும் சிறிது பொறுத்து, "அப்படியானால், அவன் போனது என்னாலா?" என்று கேட்டார்.

"அன்று" என்றேன். அஃது ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யன்று. மிதவை ஒன்றன்று, பல. வானத்தினின்று கோள்கள் மேகத்தைக் காண்கின்றன. கரையிலுள்ளோர் புயலை அறிந்தேயிருந்தனர். அறிந்ததை அண்ணன் இருந்த படகுக்கு உரைக்கும் வழிதான் இல்லை. மிதவையைச் சிதைத்தது நம் பிழை. வழியில்லாதிருந்தது நம் பிழையன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதல் ஆகாது என்று அவர்க்கு எடுத்துரைத்தேன்.

ஆயினும் அவர் வினவிய முதல் வினா என்னை விட்டு நீங்கவில்லை. என் தோழர் வரைந்த விண்மீன் படத்தை எண்ணிப் பார்த்தேன். மிதவைக்குப் பத்து முழத்தில் ஒரு படகு கிடக்கிறது. காற்றழுத்தம் தாழ்வதை மிதவை உணர்கிறது. அச்செய்தி முப்பத்தையாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஏறி இறங்கிப் பள்ளிக்கரணைக்குச் செல்கிறது. பத்து முழத்திலுள்ள படகுக்கு மட்டும் செல்வதில்லை. ஏனெனில் அவ்விண்மீனின் கதிர்களுள் படகுக்கென ஒரு கதிர் இல்லை. தன் கடலைப் பற்றிய செய்தி தன் தலைக்கு மேலேயே பிறர்க்குச் செல்லக் கண்டும் அறியாதவன், அத்தூதனைத் தன் உறவென எங்ஙனம் எண்ணுவான்? களவு களவே; அதனை யான் மறுக்கவில்லை. ஆனால் மீனவன் கையைத் தடுப்பது வேலியன்று, அவன் காதுக்கு வரும் ஒரு சொல்லே என்பது என் துணிபு. நெடுந்தொலைவை இணைத்தோம் என்பார், அத்தொலைவில் வாழ்பவன் கேட்கவும் விடை கூறவும் வல்லனாயினனோ என்று வினவிக்கொள்ளல் வேண்டும். மாலை கொணர்ந்தாலன்றித் தூது நிறைவுறாது என்ற குறிப்பின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

அந்நிறைவை நோக்கிச் சில அடிகள் வைக்கப்பெற்றுள்ளன. 2019-இல் ஜெமினி என்னும் கருவி வந்தது. அது கோளின்வழி எச்சரிக்கையைப் படகுக்குக் கொணரும், ஆனால் படகு விடை கூற இயலாது. மிதவை பேசும், படகுக்குச் செவி இல்லை. ஜெமினி செவி தந்தது, வாய் தரவில்லை. அதன்பின் இஸ்ரோவின் அகமதாபாத் நிலையத்தார் இருவழியும் செய்தி செல்லும் கருவியொன்றை ஆக்கினர். மீனவர் தம் கைப்பேசியை அதனோடு இணைத்து, நபமித்ரா என்னும் செயலியின் வாயிலாகத் தம் மொழியிலேயே செய்தி பெறலாம். இடர் வந்தால் கரைக்கு அறிவிக்கலாம். ஒரு லட்சம் படகுகளில் அதனைப் பொருத்தும் திட்டம், 364 கோடி ரூபாய்ச் செலவில், 2024 ஆகஸ்டு 30-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதற்குத் துணையான ஜிசாட்-6 என்னும் கோள் 2015-இல் ஏவப்பெற்றது. அதன் ஆன்டெனா விண்ணிற் சென்றபின் குடைபோல் விரிவது. குறுக்களவு 6 மீட்டர். மேலே உள்ள செவி பெரிதாதலின், கீழே படகிலுள்ள கருவி சிறிதாயிருப்பினும் அதன் மெல்லிய குரல் கேட்கும். எளியோனைக் கூவச் சொல்லாது, கேட்பவன் தன் செவியைப் பெரிதாக்கிக்கொள்ளும் இவ்வமைப்பு எனக்கு மிக உகந்தது.

பெரியப்பாவின் படகிலும் அக்கருவி உளது. மறுநாள் என்னைத் துறைக்கு அழைத்துச் சென்று காட்டினார். அதன் வெண்ணிற மூடியைத் துணியால் துடைத்துவிட்டு, "இது கேட்கவும் கேட்கும், பேசவும் பேசும்" என்றார். எட்டாண்டுக்கு முன்னே இஃது இருந்திருந்தால் என்று இருவரும் எண்ணினோம், ஒருவரும் சொல்லவில்லை.

யான் புறப்படும் நாளன்று, அவர் தாமே கூரைமேல் ஏறினார். சோலார்ப் பலகையைக் கழற்றியபொழுது, அண்ணன் முறுக்கிய கம்பி முடிச்சை மட்டும் அவிழ்க்க மனமின்றி, அதனை வெட்டியெடுத்துத் தம் சட்டைப் பையில் இட்டுக்கொண்டார். பலகையைப் பழம்போர்வையிற் பொதிந்து என் கையிற் கொடுத்து, "அவர்கள் இடம் நீ போகிற சாலையில்தானே உள்ளது? கொடுத்துவிடு, மக்களே. யார் எடுத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்" என்றார். இது பழுதுற்ற பலகை, இனி எவர்க்கும் பயன்படாது என்றேன். "அது அவர்கள் சொல்லட்டும்" என்றார்.

அப்பொதி இதனை எழுதும்பொழுது என் விடுதி அறையிற் கட்டிலின்கீழ்க் கிடக்கிறது. தேர்வு முடிந்த மறுநாள் அதனைச் சுமந்துகொண்டு வேளச்சேரிப் பேருந்தில் ஏறுவேன். வாயில் காப்போர் என்னை ஐயுறவும் கூடும். பெரியப்பா கூறியவாறே உள்ளதை உரைப்பேன். அவர்கள் கூறும் விடையை அன்றிரவே அவர்க்கு எழுதி அனுப்புதல் வேண்டும். அவர் அப்பொழுது கடலில் இருப்பார். ஆயினும் இம்முறை அவர்க்கு ஒரு சொல் எட்டும்.